ஏழு ஜமக்காளங்களும் ஐந்து மில்லிகிராமும்

1
இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. மாடிவீட்டு ஹில்க்கா கொடுத்தது. கொட்கா என்ற இந்தக் குளிர்தேசத்து ஊரில், துறைமுகத்தருகே ஒரே கட்டடத்தில் பத்தொன்பது வருஷமாகக் குடியிருக்கிறோம். "எழுதிக்கோ. ஆனா கடைசியில என்னைச் சாகடிச்சிடாத. கதை எழுதறவங்களுக்கெல்லாம் அது ஒரு வியாதி" என்றாள். சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

2
முதல் வரியை எழுதி எழுதி அடித்தேன்.

வலி என்பது மனிதனை... (வேண்டாம். இப்படித் தொடங்குகிறவனுக்கு எதுவும் வலித்ததே இல்லை.)

அன்று வானம் இருண்டு... (பொய். சுள்ளென்று வெயில்.)

சரி, நடந்ததையே சொல்கிறேன். போன வருஷம் மார்ச்சில், எழுபத்திரண்டு வயது ஹில்க்காவுக்குத் தோளும் இடுப்பும் இறுகிப்போயின. உடம்பில் அழற்சி என்றார் டாக்டர். தலைவாரக்கூடக் கை எழவில்லை. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டே நாளில் அலமாரி மேல்தட்டிலிருந்து காப்பி டப்பாவைத் தானே எடுத்தாள், அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆனால் அந்த மாத்திரையைச் சட்டென்று விட முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். பதினைந்து மில்லிகிராமில் தொடங்கியவள் இந்த ஜூனில் ஐந்துக்கு இறங்கியிருந்தாள்.

3
ஜூன் வெயிலைக் கண்டால் இங்கே யாருக்கும் கால் தரையில் நிற்காது. குளிர்காலமெல்லாம் மிதித்த ஜமக்காளங்களைச் சுருட்டிக்கொண்டு, கடலோரத்தில் ஊர் கட்டி வைத்திருக்கும் துவைக்கும் மேடைக்கு ஓடுவோம். ஹில்க்காவும் எதிர்வீட்டு ஐராவும் பைன் சோப்பும் பிளாஸ்க் காப்பியுமாகப் போனார்கள். இரண்டு போதும் என்று கிளம்பிய ஹில்க்கா ஏழு துவைத்தாள். (பதினொன்று என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "அளக்காத" என்றாள்.)

மறுநாள் காலை இரண்டு தோளும் பிடித்துக்கொண்டன. முழங்கையில் அவளுக்குப் பழக்கமே இல்லாத ஒரு புது வலி. வந்துவிட்டதா மறுபடி? கூடுதலாக ஒரு மாத்திரையை எடுத்துச் சாஸரில் வைத்தாள். நல்லவேளை, விழுங்குமுன் செவிலிக்குப் போன் செய்தாள்.

"நீங்களா கூட்டாதீங்கம்மா, நீங்களா குறைக்காதீங்க. காலையில இறுக்கம் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு குறிச்சு வைங்க. மூணாம் நாளும் இப்படியே இருந்தா கூப்பிடுங்க, ரத்தம் பாப்போம். புதுசா தலைவலி, கண்ணு மங்கல்னு எது வந்தாலும் அந்த நிமிஷமே கூப்பிடணும்."

4
ஐரா இந்த இடத்தில் வருவது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. கதைக்குத் தோதாக வருகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் வந்தாள், கையில் ஊறுகாய் மீன் ஜாடியோடு.

"இந்த மூடியைத் திறந்து குடுடி. ரெண்டு கையும் எந்திரிக்க மாட்டேங்குது."

"உனக்கு என்னடி வந்துச்சு? நீ ஒரு மாத்திரையும் போடறதில்லையே!"

"ஏழு ஜமக்காளம் வந்துச்சு! சீக்காளி நீ தேய்ச்சுக்கிட்டே இருக்க, நான் உக்காந்துக்கறதா? நீ எப்ப நிறுத்துவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"அடிப்பாவி, நானும் உன்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்!"

தோள் வலிக்க வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது ஹில்க்காவின் கண் நிறைந்திருந்தது.

"உனக்கும் வலிக்குதுன்னு சொன்ன பாரு, ரொம்ப நன்றிடி."

ஜாடி இருவருக்கும் மசியவில்லை. என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், நான்தான் திறந்து கொடுத்தேன். கதையில் என் பங்கு அவ்வளவே.

(ஐராவுக்கு வலித்ததால் ஹில்க்காவின் நோய் திரும்பவில்லை என்று ஆகிவிடாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.)

5
இரண்டு முடிவுகள் எழுதி வைத்தேன். ஒன்றில் அவள் செவிலியைக் கூப்பிடுகிறாள், மாத்திரை கூடுகிறது, மறுபடி மெல்ல இறங்க வேண்டியிருக்கிறது. இதைச் சோகமாக எழுதியிருந்தேன். "இதுல என்ன சோகம்? இதே வலி வந்த எங்கம்மாவுக்கு இந்த மாத்திரையே கிடைக்கல" என்று அடிக்க வைத்தாள். இன்னொன்றில் அவள்...

இன்று மூன்றாம் நாள் காலை. முற்றத்துக் கம்பியில், தலைக்கு மேலே, கையை முழுசாகத் தூக்கினால்தான் எட்டும் உயரத்தில், ஏழு ஜமக்காளமும் காய்ந்து கிடக்கின்றன. ஹில்க்கா கீழே வந்து நின்று அண்ணாந்து பார்க்கிறாள். பிறகு என் ஜன்னலைப் பார்க்கிறாள்.

"இன்னுமா எழுதிக்கிட்டிருக்க? வந்து ஒரு முனையைப் பிடி!"

ஒரு முனை என்றாள். மறுமுனையை யார் பிடிப்பதாக உத்தேசம் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் செருப்பைத் தேடுகிறேன்.