வரம்பில்லாப் பேச்சு

எங்கள் அமெரிக்க மேலவையான செனட்டில் ஒரு மசோதாவைக் கொல்ல யாரும் வியர்வை சிந்த வேண்டியதில்லை. முன்பெல்லாம் எதிர்ப்பவர் தொண்டை வறள நின்று பேச வேண்டும். இப்போது அவருடைய உதவியாளர் தொலைபேசியில் ‘எங்களுக்குச் சம்மதமில்லை’ என்றால் போதும்; விவாதம் நடந்துகொண்டே இருப்பதாக அர்த்தம். அதை முடித்துவைக்க நூறு பேரில் அறுபது பேர் ஒத்துக்கொள்ள வேண்டும். சாட்சாத் கடவுளே தேர்தலில் நின்று வந்தாலும் இங்கே அறுபது கிடைக்காது.

சுரங்கத் தொழிலாளர் மசோதா அப்படித்தான் மாட்டிக்கொண்டது. நிலக்கரித் தூசி தின்ற நுரையீரலுக்கு அரசு செலவில் வைத்தியம். வேண்டாம் என்பவர்கள் நாட்டிலேயே சொற்பம். மேற்கு வர்ஜீனியா சுரங்கத்தில் உழைத்த வால்ட் ஹலுஸ்கா மூக்கில் குழாயோடுதான் மூச்சு விடுகிறார். அவர் மனைவி நோரீன் ஒவ்வொரு கூட்டத்தொடருக்கும் பஸ் ஏறி வந்து எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்துவிடுவார். பெரும்பான்மைத் தலைவர் செனட்டர் க்ரட்ச்ஃபீல்டுக்குப் பேச்சு எழுதுவது என் வேலை. நோரீனுக்குக் காப்பி கொடுப்பதும் நான்தான்.

அந்த அறுபது பேர் விதியை மாற்றப் பாதிக்கு மேல் ஒரு ஓட்டு போதும். எங்களிடம் அதற்கு மேலேயே இருந்தது. “சிறுபான்மையின் கொடுங்கோன்மை” என்று செனட்டர் முழங்கும்போது, எழுதிக் கொடுத்த நானே ஒரு கணம் நம்பிவிடுவேன்.

விதியை மாற்றும் வாக்கெடுப்புக்கு முன்பு, கட்சிக்காரர்கள் கூடிச் சாப்பிடும் செவ்வாய்க்கிழமை விருந்தில், மூத்த உறுப்பினர் ஆஸ்டர்கார்ட் அம்மையார் பீன்ஸ் சூப்பைக் கலக்கியபடி கேட்டார்: “நவம்பர் தேர்தல்ல நாம தோத்துட்டா? அப்புறம் அவங்களை எதை வச்சுத் தடுக்கறது?”

சூப் ஆறுவதற்குள் விதித் திருத்தம் தேர்தலுக்குப் பிறகு என்று தள்ளிப்போனது. தேர்தலில் தோற்றோம்.

அதுவரை அந்த விதியை முன்னோர் தந்த கவசம் என்று கும்பிட்டவர்கள், பெரும்பான்மை கிடைத்ததும் அதை எடுத்துவிடக் கிளம்பினார்கள். ஆனால் அவர்களிலும் சிலருக்கு அடுத்த தேர்தலில் தோற்றால் என்ன ஆவது என்ற நினைவு வந்துவிட்டது. நல்லதாக ஒரு பேச்சு விழுந்தால் அந்தச் சிலர் எங்கள் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். செனட்டர் என்னைக் கூப்பிட்டார்.

“இந்த விதியைக் காப்பாத்தணும்னு அவங்க தலைவர் போன வருஷம் பேசினாரே, அது நல்லா இருந்துச்சுய்யா. பேரை மாத்திக் குடு.”

“அதுல உங்களைத் திட்டியிருக்கு, சார்.”

“அங்கதான்யா மாத்தச் சொல்றேன்.”

இதற்கிடையில் நோரீன் தொலைபேசியில் வந்தார். அவர் குரலில் அப்படி ஒரு தெம்பை நான் கேட்டதில்லை. எந்தக் கட்சி விதியை எடுத்தால் என்ன, எடுத்துவிட்டால் சுரங்க மசோதா நிறைவேறிவிடும். இரண்டு பக்கத்திலும் ஆதரவு இருக்கிறதே என்றார். இந்த முறை வால்ட்டையும் அழைத்து வருகிறாராம். “நம்ம செனட்டர் அதுக்குத்தானே இவ்வளவு நாளாக் கத்தினாரு?” என்றார். வந்து பாருங்கள் என்றேன்.

வந்தார்கள். பார்வையாளர் மாடத்தில் முன்வரிசை. வால்ட்டின் காலடியில் சிறிய பிராணவாயு சிலிண்டர். அவர்கள் பக்கத்தில் நான்.

செனட்டர் எழுந்தார். முன்னோரை இழுத்தார், கவசத்தை இழுத்தார், வரம்பில்லாமல் பேசும் உரிமையே சுதந்திரத்தின் உயிர்மூச்சு என்றார். நோரீன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கீழே எதிர்த்தரப்பில் ஊசலாடிக்கொண்டிருந்தவர்கள் தலையாட்டத் தொடங்கியிருந்தார்கள்.

வால்ட் சிலிண்டரின் அளவு காட்டும் முள்ளைக் குனிந்து பார்த்தார். “இவரு எப்ப நிறுத்துவாரு?”

“நிறுத்த வேண்டியதில்லைன்னு சொல்லத்தான் எந்திரிச்சிருக்காரு,” என்றார் நோரீன். “வாங்க, மிச்சம் இருக்கறது பஸ்ஸுக்கு வேணும்.”

இருவரும் மெல்ல எழுந்து நின்றார்கள். செனட்டர் அண்ணாந்து பார்த்தார். தம் பேச்சுக்கு மரியாதை செய்யத்தான் எழுந்தார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். நெஞ்சில் கை வைத்து, அவர்கள் பக்கம் தலை வணங்கிவிட்டு, மேலே பேசிக்கொண்டு போனார்.