டோரிஸ் சிரித்த ஞாயிறு

டோரிஸ் சிரித்தால் ரப்பர் கொட்டை விழும். சுங்காய் ஊருக்குப் பக்கத்தில் அவள் பால் வெட்டிய தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்ட வருஷம் தொடங்கியது இது. கணவர் மத்தியாசோடு ஈப்போ நகருக்குக் குடிவந்த பிறகும் நிற்கவில்லை. லேசாகச் சிரித்தால் நாலைந்து. வாய்விட்டுச் சிரித்தால் உத்தரத்தடியில் காய்கள் படபடவென்று வெடித்து ஒரு கூடைக்குக் குறையாமல் கொட்டும். கூட்டிப் பெருக்கும் வேலைக்காரிக்கு இது ஆகுமா? இரண்டு பேரங்காடிகளில் வேலை போனது. மூன்றாவதில் சேர்ந்த அன்று சிரிப்பதை நிறுத்தினாள். அப்படியே ஒன்பது வருஷம் ஓடியது.

மத்தியாசுக்குத்தான் தாங்கவில்லை. ஞாயிறுதோறும் ஈப்போ மண்டபம் ஒன்றிலிருந்து தொலைக்காட்சியில் நேரலையாக வரும் ‘பத்தே கேள்வி’க்கு அவளிடம் சொல்லாமல் அவள் பெயரைக் கொடுத்துவிட்டார். கண்ணைக் கட்டிக்கொண்ட நால்வர், ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வரும் பத்துக் கேள்விக்குள் விருந்தினரின் இரகசியத்தைக் கண்டுபிடிப்பார்கள். அதுவரை தோற்றதில்லை.

“வேலை போயிரும்ங்க,” என்றாள் டோரிஸ்.

“போனா போகட்டும். வீட்ல சத்தமே இல்ல,” என்றார் அவர்.

அந்த ஞாயிறு மேடையில் டோரிசிடம் ஒன்பது கேள்விகள் கேட்டு முடிந்தன. பத்தாவதற்கு முன் வழக்கமான விளையாட்டு: கையில் வைப்பதைத் தடவிப் பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். நால்வரில் மூத்தவரான உடையப்பன் கையில் ஐஸில் கிடந்த பாகற்காயை வைத்தார்கள். அவர் வெகுநேரம் தடவிவிட்டு, “இது என் மாமியார் கை,” என்றார்.

முன்வரிசையில் இருந்த மாமியார் மங்களம் எழுந்து, “நான் இங்க இருக்கேன் லா, மாப்ளே,” என்றார்.

டோரிஸ் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. ஒன்பது வருஷச் சிரிப்பு ஒன்றாக வந்தது. காய்கள் வெடித்த சத்தத்தில் ஒலிவாங்கிகள் அடங்கின. கொட்டைகள் பார்வையாளர்களின் முழங்கால் வரை ஏறின. உடையப்பன் தன் மடியில் விழுந்த ஒன்றை உருட்டிப் பார்த்துவிட்டுப் பத்தாவது கேள்வியைக் கேட்டார்:

“தோட்டத்தையே கொண்டாந்துட்டீங்களாம்மா?”

“இல்லண்ணே. அதுவாத்தான் கூட வந்துச்சு.”

இல்லை என்று பதில் வந்ததால் நால்வரும் தோற்றதற்கான மணி அடித்தது. அவர்கள் கண்கட்டை அவிழ்த்துவிட்டு, கொட்டைகளுக்கு நடுவே எழுந்து நின்று கைதட்டினார்கள். மத்தியாஸ் கைதட்டவில்லை, அவள் சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை போகவில்லை. அவளைப் பார்க்கவே சனங்கள் வந்ததால் பேரங்காடிக்காரர்கள் இன்னும் இரண்டு விளக்குமாறு வாங்கினார்கள். அடுத்த வாரம் தாப்பாவுக்குப் போகும் பஸ்ஸில் அவள் ஏறியதும் உள்ளே இருந்தவர்கள் குடைகளை விரித்தார்கள். டிரைவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, “டோல் தாண்டட்டும்க்கா, அப்புறம் சிரிங்க லா,” என்று வண்டியை எடுத்தார்.