பன்னிரண்டு பங்கு காற்று

எழுபத்துநாலாம் வருஷம், மாசி மாதம். மரக்காணம் உப்பளத்தில் புதுப் பாத்திக்கு மறுநாள் உப்புத்தண்ணீர் விட வேண்டும். தரை ஒழுகினால் ஓவர்சியர் சக்கரபாணிக்கு வேலை போய்விடும். மிதித்து இறுக்கிய தரையில் இரும்பு வளையத்தை இறக்கி மண்ணெடுத்தான். எடை போட்டு, அடுப்பில் காயவைத்து, மறுபடி எடை பார்த்துக் கணக்குப் போட்டான். நூறு பங்கு இடத்தில் மண் அறுபது, தண்ணீர் இருபத்தெட்டு, மிச்சம் பன்னிரண்டும் காற்று. இவ்வளவு காற்று இருந்தால் அந்த இடுக்கு வழியே தண்ணீர் இறங்கிவிடும்.

"ஒரு வாரமா மிதிக்கிறோம் சார், காத்து எங்கேருந்து வரும்?" என்றாள் மிதிக்கிற கூட்டத்து மரியசெல்வி. "உங்க தராசுக்குப் பசி போல, மண்ணைத் தின்னுடுச்சு."

"வேற இடத்துல பாக்கறேம்மா."

இன்னும் மூன்று இடங்களில் எடுத்தான். எங்கேயும் காற்று மூன்று பங்கைத் தாண்டவில்லை.

மரியசெல்வி முதல் குழிக்குள் கையை விட்டாள். முழங்கை வரை போனது.

"நண்டு வளை சார். வரப்புக்கு அடியில போவுது. நாங்க வாயை மட்டும் மிதிச்சு மூடிட்டோம்."

ஈரக் களிமண்ணை உருட்டித் திணித்து, ஆறு பேர் சாயங்காலம் வரை மிதித்தார்கள். சக்கரபாணி அதன் பக்கத்திலேயே மறுபடி மண்ணெடுத்தான். காற்று இரண்டே பங்கு.

"காலையில மடையைத் திறந்துடுங்க," என்றான்.