சிக்னல் பஸர் பூட்டிய கிட்டார்

“ஏன் புள்ள, ஒனக்குச் சத்தமே வராதா?”

பெரியவாப்பா மீராமுகைதீன் இப்படிக் கேட்டபோது றுஸ்னாவுக்கு ஒன்பது வயது. மீலாத் விழா மேடையில் மைக்கை அவரே அவள் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். நபிக்கு வாழ்த்தாக ஸலவாத்துச் சொல்ல வந்தவளின் உதடு மட்டும்தான் அசைந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்வி மைக்கில் ஏறி, கல்முனைக்குடித் தெருவெல்லாம் நடந்து, கடற்கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்களின் காதுவரைக்கும் போய்விட்டது. அன்றைக்கு ஸ்பீக்கர் கட்டியிருந்தவர் வேறு யாருமில்லை, அவளுடைய வாப்பா மசூர்தான். ஊருக்கெல்லாம் சத்தம் வாடகைக்குக் கொடுக்கிற மனிதரின் மகளுக்குச் சத்தம் இல்லை. ஊர் பத்து வருடம் வைத்துச் சிரிக்க இது போதாதா?

பள்ளிக்கூடம் நின்றதும் அதனால்தான். பதினோராம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். எழுந்தாள். வாசிக்கவில்லை. அடுத்த நாள் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. வாப்பாவின் சாமான் அறையில் உட்கார்ந்து அறுந்த வயர்களுக்கு ஈயம் ஒட்டத் தொடங்கினாள். வயரோடு கதைக்கத் தேவையில்லை.

கிட்டார் வந்தது பொத்துவிலில் இருந்து. உம்மாவின் தம்பி ஜவுபர் மாமா அங்கே ஓட்டோ ஓடுகிறார். அறுகம்பைக்கு அலைச்சறுக்கு விளையாட வந்த வெள்ளைக்காரி ஒருத்தி, திரும்பிப் போகும்போது அதை அவருடைய ஓட்டோவிலேயே விட்டுவிட்டுப் போனாள். “ஒனக்குத்தான் மனே இது. வாயத் தொறக்காமலே கதைக்கிற சாமான்” என்று மாமா கொண்டுவந்து போட்டார். றுஸ்னா கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு வருடம் அதோடு கதைத்தாள். ஒருநாள் கோமாரிக்குப் போகும் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போனபோது அவள் மனதுக்குள் ஒரு மெட்டு வந்து ஏறிக்கொண்டது. அதை அவள் யாருக்கும் வாசித்துக் காட்டியதில்லை. ஸப்னாவைத் தவிர.

ஸப்னா பெரியவாப்பாவின் மகள். றுஸ்னா கதைக்காததையெல்லாம் சேர்த்துக் கதைப்பவள். கலியாணம் நிச்சயமானதும் அவள் முதலில் சொன்னது இது: “என்ட கலியாணத்தில நீ வாசிக்கணும். இல்லாட்டி சம்மதமா எண்டு வந்து கேக்கக்குள்ள நான் ஓம் சொல்லமாட்டன். பாத்துக்க!”

பெரியவாப்பாவிடம் கேட்டதும் அவள்தான். அவர் சாதாரணமாக ஒரு விடயத்தை மூன்று தடவை சொல்லுவார். ஸலாம் சொல்லி வெளிக்கிட்ட பிறகும் படலையைப் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் கதைப்பார். அன்றைக்கும் நிறையக் கதைத்துவிட்டுக் கடைசியில் சொன்னார்:

“பொம்புளப் பக்கத்துக்குள்ள எண்டா வாசிக்கட்டும். ஆம்புளப் பக்கம் ஒரு சத்தம் வரப்படா.” பிறகு தானே சிரித்தார். “வராதுதானே! அந்தப் பொட்டியும் அவளப் போலத்தான். சத்தம் எங்க இரிக்கி?”

அந்தச் சிரிப்பு றுஸ்னாவின் நெஞ்சில் போய்க் குத்தியது. குத்தியதற்குக் காரணம், அது உண்மை. ஸப்னா பதினொரு மச்சிமாரை ஓர் அறையில் நெருக்கி உட்காரவைத்துப் பரீட்சை பார்த்தாள். மின்விசிறி சுற்றியதும் இரண்டாவது வரிசைக்கே கிட்டார் கேட்கவில்லை. கலியாணத்துக்கு வரப்போகிறவர்களோ முந்நூறு பெண்கள், அத்தனை பேருக்கும் முந்நூறு வாய்.

“மைக் வெச்சா?”

“மைக் எல்லாத்தையும் கேக்கும்” என்றாள் றுஸ்னா மெதுவாக. “கிட்டாரக் கேக்காது. பிக்கப் பூட்டணும்.”

உம்மா குசினியில் இருந்து எட்டிப் பார்த்தார். “பிக்கப் எடுக்கப் போறாளாம். டிரைவர் ஆரு?”

கல்முனை பஸாரில் இன்பாஸின் கடையில் பிக்கப் இருந்தது. கிட்டாரின் நடு ஓட்டையில் கவ்விப் பூட்டினால், நரம்பின் ஆட்டத்தைப் பிடித்து அம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற காந்தப் பிக்கப். “ரெண்டு நிமிசத்தில பூட்டலாம், துளையும் போடத் தேவல்ல. சரிவராட்டித் திருப்பித் தாங்க” என்று இன்பாஸ் கொடுத்துவிட்டார். உண்மையிலேயே இரண்டு நிமிடத்தில் பூட்டியாயிற்று. ஸப்னா குரவை விடுவதற்கு நாக்கைத் தயாராக வைத்துக்கொண்டாள். றுஸ்னா நரம்பை மீட்டினாள். அம்ப்ளிஃபயர் ‘ம்ம்ம்’ என்றது. அவ்வளவுதான்.

“யா அல்லாஹ், இதுவும் ஒன்னப் போலயேடி!”

றுஸ்னா கையில் இருந்த திருப்புளியைப் பக்கத்தில் கொண்டுபோனாள். ‘டொப்!’ ஸ்பீக்கர் துள்ளியது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காந்தத்துக்கு இரும்பு அசைந்தால்தான் காது கேட்கும். இந்தக் கிட்டாரின் நரம்பு நைலோன். வலை பின்னுகிற தங்கூசி நூலைக் காந்தத்தின் முன்னால் ஆட்டினால் அதற்கு என்ன விளங்கும்? இரும்பு நரம்பை மாட்டினால், அது இழுக்கிற இழுவைக்கு மெல்லிய பலகை பெயர்ந்து கையில் வரும்.

அடுத்த தெரிவு பலகையின் நடுக்கத்தைக் கேட்கிற தகடு. நரம்பு எதுவானாலும் அதற்குப் பரவாயில்லை. ஆனால் இன்பாஸிடம் அது இல்லை. கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை ஆகுமாம். கலியாணத்துக்கு எட்டு நாள்.

அந்த நேரம் பார்த்து ஜவுபர் மாமாவின் ஓட்டோ வளவுக்குள் திரும்பியது. சிக்னல் போட்டிருந்தார். கீக், கீக், கீக்.

றுஸ்னா எழுந்து ஓடினாள். அவள் ஓடி ஸப்னா பார்த்ததே இல்லை. மாமா இறங்குவதற்குள் அந்தக் கீக்-கீக் பஸரைக் கழற்றி, மூடியை நெம்பி, உள்ளேயிருந்த பித்தளைத் தகட்டை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள். ஒரு காசளவு. கரண்ட் கொடுத்தால் நடுங்கிக் கத்தும். நடுங்கவைத்தால் கரண்ட் கொடுக்கும்.

“அப்ப நான் திரும்புறத்த ரோட்டுக்கு ஆரு புள்ள சொல்ற?”

“நீங்களே சொல்லுங்க மாமா.”

மாமா சொன்னார். அந்த எட்டு நாளும் கையை வெளியே நீட்டி, “கீக்! கீக்!” என்று கத்திக்கொண்டேதான் ஒவ்வொரு மூலையும் திரும்பினார்.

தகட்டை எங்கே ஒட்டுவது என்று கண்டுபிடிக்க ஒரு முழுநாள் போயிற்று. நரம்பைத் தளர்த்தி, சின்னக் கையை ஓட்டைக்குள் விட்டு, ஒட்டுநாடாவால் ஓரிடத்தில் ஒட்டுவாள். நரம்பை முறுக்கி மீட்டிப் பார்ப்பாள். கழுத்துப் பக்கம் வைத்தால் கிணற்றுக்குள் இருந்து பாடுவதுபோல இருந்தது. ஓரத்தில் வைத்தால் தகரம். நரம்புகள் வந்து முடிகிற கட்டைக்கு நேர் கீழே, மெல்லிய நரம்புகளின் பக்கமாக ஒரு விரல் தள்ளி வைத்தபோது... “நிப்பாட்டு! அதுதான்! அதுதான்!” என்று ஸப்னா மெத்தையில் ஏறிக் குதித்தாள். இரைச்சல் மட்டும் மிச்சம் இருந்தது. புரியாணிப் பார்சலின் வெள்ளித் தாளைக் கழுவித் துடைத்து, தகட்டின் பின்பக்கம் டேப் ஒட்டி மறைத்து, அதன்மேல் தாளைச் சுற்றி எர்த் வயரோடு தொட்டுவிட்டாள். இரைச்சல் அடங்கியது. கிட்டாருக்குள் இலேசாகக் கறுவா மணந்தது.

பயம் துளையில்தான். வயர் சொருகுகிற ஜாக்குக்கு அடிக்கட்டையில் துளை போடவேண்டும். பலகை வெடித்தால் எல்லாம் முடிந்தது. டேப் ஒட்டி, மெல்லிய துளையூசியால் தொடங்கி, வட்ட அரத்தால் அராவி அராவி, ஒரு பின்னேரம் முழுவதும் செலவழித்துத் துளையைப் பெரிதாக்கினாள். ஸப்னா கண்ணைப் பொத்திக்கொண்டு ஸலவாத்துச் சொன்னாள். உள்ளே இருக்கும் ஜாக்கைத் துளைக்குக் கொண்டுவருவது எப்படி? பாவாடைக்கு நாடா கோர்ப்பதுபோலத்தான். நூலை வெளியேயிருந்து துளைக்குள் விட்டு, நடு ஓட்டையால் எடுத்து, ஜாக்கில் கட்டி மெதுவாக இழுத்தாள். ஜாக்கின் மூக்கு துளையால் எட்டிப் பார்த்தது. இரண்டு பேரும் தரையில் விழுந்து சிரித்தார்கள். எதற்கு என்று கேட்டுக்கொண்டு வந்த உம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

கலியாண மண்டபத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். நடுவில் ஆள் நடக்கிற அளவுக்கு ஒடுங்கிய ஓர் ஓடை, இரண்டு பக்கமும் திரை. ஓடையில் வாப்பாவின் அம்ப்ளிஃபயர் இருந்தது. நிக்காஹ் ஓதுவது பெண்களுக்கும் கேட்கவேண்டும் என்பதால் இரண்டு பக்க ஸ்பீக்கருக்கும் அதுதான். இரண்டு சுவிட்ச், இரண்டு சிவப்பு விளக்கு. ‘ஆண்’, ‘பெண்’ என்று வாப்பா கையால் எழுதி ஒட்டியிருந்தார். நிக்காஹ் முடிந்ததும் ‘ஆண்’ சுவிட்சை அணைப்பதாகப் பேச்சு.

நிக்காஹ் முடிந்தது. வாப்பா ஓடைக்குள் நுழையப் போனார். “மசூர் காக்கா! இந்தச் சஹனுக்கு ஓராள் கொறையுது, வாங்க!” என்று ஐந்து பேர் கூப்பிட்டார்கள். ஒரு சஹன் என்றால் ஆறு பேர் சுற்றியிருந்து உண்கிற ஒரே தட்டம்; ஆறாவது ஆள் வந்து உட்காரும்வரை ஒருவரும் சோற்றில் கைவைக்க முடியாது. பசியோடிருக்கும் ஐந்து பேரைக் காக்கவைப்பது அழகா? வாப்பா போய் உட்கார்ந்தார். சுவிட்சை மறந்தார்.

“நான் ஓம் சொல்லிட்டன்” என்றாள் மணப்பெண், றுஸ்னாவின் விலாவில் இடித்து. “இப்ப நீ சொல்லு.”

முந்நூறு முகத்தையும் பார்க்க முடியாமல் றுஸ்னா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள். வயரைச் சொருகினாள். விரல் பலகையில் பட்டது. அந்தச் சின்னத் தட்டலையும் தகடு கேட்டுச் சொன்னது. பிறகு கோமாரி பஸ் புறப்பட்டது.

எவ்வளவு பெரிய சத்தம்! மெட்டு கூரையில் மோதித் திரும்பி வந்து அவளையே தொட்டது. முதல் வரிசையின் கதை நின்றது, இரண்டாவது வரிசை நின்றது, கடைசியில் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்த தாயின் கையும் நின்றது. றுஸ்னாவின் கால் தானாகத் தாளம் போட்டது. அடுத்த வளைவில் மெட்டு திரும்பும்போது, எங்கிருந்தோ ஒரு குரல் மிகச் சரியான இடத்தில் கத்தியது:

“கீக்! கீக்!”

அது ஜவுபர் மாமாவின் குரல். ஆண்கள் பக்கமிருந்து வந்தது.

வயருக்காக விட்டிருந்த இடைவெளியால் பார்த்தாள், ஆண்கள் பக்கத் திரை விலகியது. பெரியவாப்பா ஓடைக்குள் வந்து நின்றார். இரண்டு கையிலும் வட்டிலப்பத் தட்டம். அவருடைய கண் அம்ப்ளிஃபயருக்குப் போக, றுஸ்னாவின் கண்ணும் கூடவே போனது. இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன. இவ்வளவு நேரமும் ஆண்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்! காது சுட்டது. விரல் நிற்கப் பார்த்தது. நின்றால், பத்து வருடத்துக்கு முந்திய அந்தக் கேள்விக்கு இன்றைக்கும் பதில் இல்லை.

விரல் நிற்கவில்லை. பாதி மெட்டு இன்னும் இருந்தது. அவரைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். வேகமாக, கிறுக்குப் பிடித்ததுபோல, பஸ் கோமாரிப் பாலத்தில் தூக்கிப் போடுகிற இடத்தில் தானும் துள்ளிக்கொண்டு.

பெரியவாப்பா தட்டத்தை அம்ப்ளிஃபயரின் மேல் வைத்தார். கையை நீட்டினார். விரல் ‘ஆண்’ என்ற எழுத்தைத் தொட்டது. அங்கேயே இருந்தது. மெட்டு முடிகிறவரை அங்கேயே இருந்தது.

கடைசி நரம்பு அதிர்ந்து ஓய்ந்ததும் குரவை கிளம்பியது. மணப்பெண்தான் முதலில் தொடங்கினாள், வெட்கமில்லாமல். றுஸ்னா கிட்டாரைக் கட்டிக்கொண்டு, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தாள். மூன்று தடவை சொல்லுவாரே!

அவர் வாயைத் திறந்தார். மூடினார். சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். இரண்டு விளக்கும் எரிந்தபடியே இருந்தன. வட்டிலப்பத் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு, தோளால் திரையைத் தள்ளி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனார்.