உப்பரிகையில் மூன்று குதி

அந்தப் பழைய அரண்மனையில் கொத்தனாருக்கு வேலை, விரிசல்களுக்குக் காவல் இருப்பது. எங்கே சுவர் பிளந்தாலும் அதன் குறுக்கே விரல் நீளக் கண்ணாடிப் பட்டையைச் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவிடுவார். விரிசல் மயிரிழை அகன்றாலும் கண்ணாடி படக்கென்று உடைந்துவிடும். உடைந்தால் அந்த இடத்தைப் பூட்ட வேண்டும் என்பது சட்டம். சட்டம் எழுதிய புண்ணியவான்கள் யாரும் அந்த ஊரில் கடை வைத்திருக்கவில்லை.

மூன்றாவது மாடியில் ராணியின் உப்பரிகை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே நின்றால் ஆறு முழுவதும் தெரியும். வருகிறவர்கள் அதற்காகத்தான் வருகிறார்கள். மற்ற மண்டபங்களை ஒரு மரியாதைக்குப் பார்த்துவைப்பார்கள். அந்த உப்பரிகை சுவரோடு சேரும் இடத்தில் ஒரே மாதத்தில் மூன்று கண்ணாடி உடைந்தது. கொத்தனார் எழுதிக் கொடுத்தார்.

அரண்மனைக் கண்காணிப்பாளர் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தார். "உப்பரிகையை மூடிட்டு ஜனங்களுக்கு எதைக் காட்டுறது? உன் மூஞ்சியையா?"

"விழுந்துடும் சார். பத்துப் பேர் சேர்ந்து நின்னா போதும்."

மறுநாள் பார்த்தால் கண்ணாடி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் பட்டை. அது உடையாது, இழுத்த இழுப்புக்கு வரும். அலுவலகத்தில் மூளைக்கா பஞ்சம்! கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி எழுதிக் கொடுத்தார்.

விஷயம் வெளியே கசிந்ததும் விடுதிக்காரர், படகுக்காரர், தொப்பி விற்பவர் என்று ஊரே வாசலில் திரண்டுவிட்டது. எல்லோருக்கும் முன்னால் நின்றவள் கொத்தனாரின் சொந்தத் தங்கை. உப்பரிகைக்கு ஆட்களைக் கூட்டிப்போய் விளக்கம் சொல்லும் கைடு அவள் புருஷன்தான்.

"கூடப்பொறந்தவ வயித்துலயே அடிக்கிறியேண்ணே! நல்லா இருப்பியா நீ?"

"வயித்தைப் பாத்தா நாலு பேர் உசுரு போயிடும்மா."

கண்காணிப்பாளர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "அப்படின்னா நீயே ஏறிக் குதிச்சுக் காட்டு. விழலேன்னா அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது."

கூட்டம் கைதட்டியது. மறுத்தால் வேலையும் போகும், தங்கையும் போவாள். கொத்தனார் ஏறினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு மூன்று முறை குதித்தார். உப்பரிகை விழவில்லை, அவருடைய கெட்ட நேரம். கீழே கொஞ்சம் தூசு மட்டும் உதிர்ந்தது.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. தினமும் காலையில் முதல் கூட்டத்துக்கு முன்னால் கொத்தனார் மூன்று குதி குதிக்க வேண்டும். வந்தவர்களுக்கு ஆறெல்லாம் அப்புறம்தான். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவருக்காகக் காத்திருந்தார்கள். "விழுந்துடும்னு வாய் கிழியக் கத்தின ஆள் இவர்தான்!" என்று மாப்பிள்ளை அறிமுகப்படுத்துவான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வாசலில் தங்கை, அண்ணன் அந்தரத்தில் நிற்கும் படம் போட்ட சாவி வளையம் விற்றாள். நன்றாக விற்றதாம், அவளே பெருமையாகச் சொன்னாள்.

அவமானம் கொத்தனாருக்குப் பழகிவிட்டது. பயம்தான் பழகவில்லை. விரிசலுக்குள் முதலில் நகம் நுழைந்தது, பிறகு விரல். கண்காணிப்பாளரிடம் போய்ப் பயனில்லை என்று, ஒருநாள் சாயங்காலம் மாப்பிள்ளையை மட்டும் தனியே அழைத்துப்போய்க் காட்டினார். அவன் உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. விரலை வெடுக்கென்று உருவிக்கொண்டு இறங்கிப் போனான்.

மறுநாள் காலை வந்தபோது, உப்பரிகை வாசலுக்குப் பத்தடி உள்ளேயே குறுக்கே புதுக் கயிறு கட்டியிருந்தது. கூட்டம் அதற்கு இந்தப் பக்கம் பத்திரமாக நின்றது. இனிமேல் யாரும் உப்பரிகையில் கால் வைக்கக் கூடாதாம், இங்கிருந்தே படம் எடுத்துக்கொள்ளலாமாம். கொத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் ஒருத்தனாவது நம்பினானே! மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நம்பாம இருப்பேனா மச்சான்? கையை விட்டே பாத்தேனே" என்றான் அவன். பிறகு குனிந்து, அவர் நுழைய வசதியாகக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தான்.

"சீக்கிரம் போங்க. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."