பக்கத்து வீட்டுப் பூனை

தொமியே அத்தை கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். கயோகோ எழுந்து சென்று மறுபடியும் ஒரு சாண் அளவுக்குத் திறந்து வைத்தாள். விடிந்ததிலிருந்து இது நான்காம் முறை.

“என்னடி பிடிவாதம் இது? பொணம் கிடக்கிற வீட்டுல பூனைக்குக் கதவத் தொறந்து வைப்பாங்களா? அது தாண்டிச்சுன்னா இவன் எழுந்து உக்காந்திருவான்!”

“உக்காந்தா நல்லதுதானே அத்தை.”

“எழுந்திருக்கிறது உங்கப்பனா இருக்காதுடி!”

அறையின் நடுவே அப்பா ஜென்கிச்சி வடக்கே தலை வைத்துக் கிடந்தார். மார்பின்மேல் போர்வைக்கு வெளியே ஒரு சிறு கத்தி இருந்தது. தீயவை அண்டாமலிருக்க வேண்டுமென்று அத்தை தன் கையால் வைத்தது. தீயவை என்று அவள் கருதிய பட்டியலில் பூனைக்கே முதலிடம். பதினொரு மணிக்குப் பெட்டி வரும். இப்பொழுது ஒன்பதரை.

கயோகோ வாசற்படியருகே அமர்ந்து வெளியே பார்த்தாள். பின்புறச் சிமெண்டுத் தளத்தில், வேலியோரத்திலிருந்து வாசற்படி வரையில், சுண்ணக்கட்டியால் இட்ட கோடுகள் ஏணிப்படிகளைப்போல வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி. நான்கு ஆண்டுகளாக, வாரத்திற்கு ஒரு விரற்கடை என்னும் கணக்கில், அப்பா மாசிக் கருவாட்டுத் தூள் கலந்த சோற்றுத் தட்டை வீட்டை நோக்கி நகர்த்தி வந்தார். உருக்காலையில் முப்பத்தாறு ஆண்டுகள் பாரந்தூக்கி இயந்திரம் ஓட்டியவருக்கு, விரற்கடை விரற்கடையாக நகர்த்துவது புதிய தொழிலன்று. மழை கோட்டை அழித்தால் மறுநாள் பழைய தேதியையே மீண்டும் எழுதுவார்.

இந்தக் குடியிருப்பில் நாயும் பூனையும் வளர்த்தலாகாது. அப்பாவோ விதியை மீறாதவர்.

“அதைக் கூப்பிடக் கூடாது, தூக்கக் கூடாது. அப்படிச் செஞ்சா வளர்க்கிறதா ஆயிடும்,” என்பார். “தானா உள்ள வந்தா அது விருந்தாளி. விருந்தாளி வரக் கூடாதுன்னு எந்த விதியில எழுதியிருக்கு?”

பெயரிலும் அவர் பொய் சொல்லவில்லை. பூனைக்குத் தொனாரி என்று பெயர் வைத்திருந்தார். தொனாரி என்றால் பக்கத்து வீடு.

கடைசிக் கோடு வாசற்படிக்கு இரண்டு விரற்கடை முன்னே நின்றது. அதை இட்ட வாரத்திலேதான் அவர் படுக்கையில் விழுந்தார். பிறகு மூன்று வாரம், கதவைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, தலையைத் திருப்பியே கிடந்தார். தொனாரி கோடு வரையில் வரும், தின்னும், போய்விடும். நேற்று மாலை அவர் கடைசியாகப் பேசியதும், “வந்துச்சா?” என்பதுதான். கயோகோவால் பொய் சொல்ல முடியவில்லை. “இன்னும் இல்லப்பா” என்றாள்.

ஊதுவத்தி ஏற்றக் குடியிருப்புச் சங்கத் தலைவர் குராத்தா வந்தார். கருப்புச் சட்டையின் பொத்தானைச் சரிசெய்துகொண்டு மண்டியிட்டவர், திறந்த கதவைக் கண்டதும் தயங்கினார்.

“அந்தப் பூனை விஷயமா ஒருதரம் விசாரிக்க வந்தேம்மா. ‘உங்க பூனையா?’ன்னு கேட்டேன். ‘இல்லீங்க, தொனாரி’ன்னாரு. சரின்னு பக்கத்து வீட்டுக்குப் போனா, அந்தம்மாவும் ‘தொனாரி’ன்னாங்க. இப்படியே பதினெட்டு வீடு ஏறி இறங்கினேன்! கடைசில, ‘பக்கத்து வீட்டுப் பூனை, வீடு தெரியவில்லை’ன்னு பதிவேட்டுல எழுதி வச்சேன்.”

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிணத்தின்முன் சிரிப்பதா என்று கிமோனோவின் கைப்பகுதியால் வாயை மூடிக்கொண்டாள்.

அப்பொழுதுதான் கயோகோ அதைக் கண்டாள்.

கருத்தடை செய்த தெருப்பூனை என்பதற்கு அடையாளமாக, செர்ரி இதழ்போல் நுனி கத்தரித்த காது ஒன்று வாசற்படிக்குமேல் உயர்ந்தது. தட்டு இன்று வைக்கப்படவில்லை. தொனாரி கடைசிக் கோட்டை முகர்ந்தது, கோட்டைத் தாண்டியது, வாசற்படியில் ஒரு முன்காலை வைத்து நின்றது.

அத்தையின் கை கதவை நோக்கி எழுந்தது.

“அசையாதீங்கக்கா,” என்றார் குராத்தா, உதடு அசையாமல்.

மற்றொரு காலும் உள்ளே வந்தது. கயோகோ மூச்சை அடக்கிக்கொண்டாள். கூப்பிட வேண்டுமென்று நாக்கு துடித்தது. கூப்பிட்டால் அப்பாவின் நான்கு ஆண்டும் வீணாகும். தொனாரி போர்வையின் ஓரமாகவே நடந்தது. கால்மாட்டைச் சுற்றிக்கொண்டு தலையணைக்குச் சென்றது. அவருடைய காதை முகர்ந்தது. பின் தன் நெற்றியை அந்தக் காதில் அழுத்தித் தேய்த்தது. அவர் கை ஒருமுறையும் தொட்டறியாத நெற்றி அது. பிறகு மார்பின்மேல் முன்காலை ஊன்றி, கத்தியின் பிடியில் தாடையை உரசிற்று. கத்தி வழுக்கிப் பாயில் விழுந்தது. கத்தி முன்பு இருந்த இடத்துக்குக் கீழே, அவர் விலாவுக்கும் கைக்கும் இடையிலிருந்த பள்ளத்தில், தொனாரி சுருண்டு படுத்துக் கண்களை மூடிக்கொண்டது.



“தாண்டலை,” என்றாள் அத்தை, எழுந்த கையை இறக்கிக்கொண்டு. “சுத்திக்கிட்டுத்தான் வந்துச்சு. நான் பாத்தேன்.”

பதினொரு மணிக்குப் பெட்டியுடன் வந்த ஈமச்சடங்கு நிலையத்துப் பெண்மணி, வெள்ளைக் கையுறையுடன் குனிந்தவள், சட்டென்று பின்வாங்கினாள்.

“பூனை... உங்க வீட்டுப் பூனைங்களா?”

கயோகோ வாய் திறக்குமுன் குராத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். சங்கக் கூட்டத்தில் தீர்மானம் படிக்கும் குரலில், “இல்லீங்க,” என்றார். “தொனாரி.”

அத்தை இம்முறை வாயை மூடிக்கொள்ளவில்லை. அவள் சிரிப்பு வாசல்வரை கேட்டது. தொனாரி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

கயோகோ அலமாரியிலிருந்த தேயிலை டப்பாவைத் திறந்து சுண்ணக்கட்டியை எடுத்தாள். தலையணையருகே, பாயின்மேல், ஒரு கோடு இட்டாள். பக்கத்தில் இன்றைய தேதியை அப்பாவைப்போலவே சாய்த்து எழுதினாள்.

தொனாரி தானாக எழுந்து போன பிறகு, பெட்டியைத் தொடர்ந்து எல்லாரும் வெளியேறினார்கள். அத்தை கடைசியாக எழுந்தாள். கோட்டருகே வந்ததும் ஒரு கணம் நின்றாள். கிமோனோவின் விளிம்பை இரு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுண்ணம் கலையாதபடி, சுற்றிக்கொண்டு நடந்தாள்.