லொரிண்டா போன திசை

எங்கள் டிராஸ்க் துறைக்கு வந்து, லொரிண்டா என்ன ஆனாள் என்று கேட்டுப்பாருங்கள். ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பாறைக்குடாவில் அடிப்பலகை கிழிந்து மூழ்கினாள் என்பான் சவரக்கடை மெரிட்; அவன் மச்சான் தண்ணீரில் எண்ணெய் மினுங்கியதைக் கண்ணால் பார்த்தானாம். வடக்கே கனடாக்காரர்கள் இழுத்துக்கொண்டு போய், வேறு சாயம் அடித்து, மரம் இழுக்க வைத்திருக்கிறார்கள் என்பது மாவு மில்காரர்களின் கட்சி. பாதிரியார் மட்டும் பாய்லர் வெடித்துச் சுக்குநூறாகிவிட்டாள் என்கிறார். வெடித்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லையே என்றால், அன்றைக்குப் பாண்டு வாத்தியம் பலமாக இருந்ததாம்.

அவள்மேல் கடைசியாக நின்ற இரண்டு பேரில் நான் ஒருவன். எனக்கே தெரியாது. தெரிந்தவரைக்கும் சொல்கிறேன்.

லொரிண்டா ஒரு சின்ன நீராவிப் படகு. ஏரியின் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆட்களையும் தபாலையும் வெண்ணெய்ப் பீப்பாய்களையும் ஏற்றிப்போவாள். லொரிண்டா என்பது என் மனைவியின் பெயரும்கூட. இந்தக் குழப்பத்துக்கு நான் பொறுப்பில்லை. ஹைரம் டில்டன், உள்நாட்டுப் போர் முடிந்து ஊர் திரும்பிய மறுவருஷம், தன் கையாலேயே அந்தப் படகைக் கட்டி, முகப்பில் அவள் பெயரைச் செதுக்கி, ஊரே கூடிக் கைதட்ட ஏரியில் இறக்கினார். அதற்குப் பிறகுதான் அவளிடம் போய், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டார். முதலில் கேட்டுவிட்டுப் பெயர் வைத்திருக்கலாம். என்னைக் கேட்காமல் என் பெயரை எப்படி மிதக்கவிடலாம் என்று அவள் கதவைச் சாத்திவிட்டாள். அடுத்த வசந்தத்தில் வண்டிக்காரனான என்னைக் கட்டிக்கொண்டாள்.

என்னைப் பிடித்துக் கட்டினாளா, அவர்மேல் இருந்த கோபத்தில் கட்டினாளா? இருபத்திரண்டு வருஷமாக இது என்னை அரித்துக்கொண்டிருந்தது. கேட்டுவிடலாம்தான். கேட்டால் அவள் சிரிப்பாள், அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று இன்னொரு இருபத்திரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

ஊர்க்காரர்கள் வேறு சும்மா இருப்பார்களா? லொரிண்டா இன்னிக்கும் லேட்டாமே, லொரிண்டா ரொம்பப் புகையுறாளாமே என்று என் முகத்தைப் பார்த்தே கேட்பார்கள். நான் குதிரையைத் திட்டுவேன்.

ஹைரம் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. படகின் சின்ன அறையிலேயே படுக்கை; பனிக்காலத்தில் படகைக் கரையேற்றிவிட்டாலும் அதற்குள்தான் இருப்பார். பழுதுபார்க்கக் கட்டுப்படியாகாமல் படகை ஏரிக்கரை ஹோட்டல் முதலாளி பெல்டிங்குக்கு விற்ற பிறகும் அவரே கேப்டன். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டாம் வருஷ இலையுதிர் காலத்தில் பரிசோதகர் வந்து பாய்லரைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, இனி இதில் ஒரு ஆளையும் ஏற்றக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பாய்லரில் இரும்பைவிட ஒட்டுதான் அதிகம்.

பெல்டிங்குக்கு உடனே ஒரு யோசனை வந்தது. வேறு ஏரிகளில் கிழட்டுப் படகைச் சுதந்திர தினமான ஜூலை நாலாம் தேதி நடு ஏரியில் வைத்துக் கொளுத்துகிறார்கள், ரயில் ரயிலாகக் கூட்டம் வருகிறது. நாமும் செய்வோம். இப்படித்தான் எண்பத்தொன்பதாம் வருஷம் எங்கள் தபாலாபீஸ் சுவரில், 'லொரிண்டாவை எரிக்கிறோம், எலுமிச்சைச் சாறு உண்டு' என்று சுவரொட்டி வந்தது. என் மனைவி முட்டைக்கூடையைக் கீழே வைத்துவிட்டு அதைக் கிழித்துவந்து அடுப்பில் போட்டாள். மறுநாள் வேறொன்று ஒட்டினார்கள்.

எரிப்பதற்கான காய்ந்த கிளைகளையும் தார் பீப்பாய்களையும் கொண்டுபோய் ஏற்றும் வேலை எனக்குக் கிடைத்தது. பொய் சொல்வானேன், சீட்டியடித்துக்கொண்டுதான் ஓட்டிப்போனேன். தொலைந்தது சனியன் என்று இருந்தது.

அன்று மத்தியானம் லொரிண்டா அடுப்படியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஜூலை நாலென்றால் எங்கள் பக்கத்தில் சால்மன் மீனும் புதுப் பட்டாணியும் இல்லாமல் தீராது. கேப்டனே தன் கையால் தீ வைத்தால் பார்க்க நன்றாயிருக்கும் என்று பெல்டிங் கேட்டதையும், ஹைரம் சரி என்று சொல்லிவிட்டதையும் நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் கை நின்றுவிட்டது.

"சரின்னாரா? சண்ட போடலையா?"

"ஒரு வார்த்த பேசல."

"ரொட்டி கொஞ்சம் கருகினாலே ஒரு வாரம் சண்ட போடுற மனுஷன். ஈபன், அவர் அதவிட்டு எறங்கப்போறதில்ல. நீ போய்க் கூட்டிட்டு வா."

நானா என்றேன். பின்ன யாரு என்றாள். நீ அவர் இல்லாமல் வந்தால் எனக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். பட்டாணி தரையில் உருண்டு ஓடியதை அவள் எடுக்கவில்லை.

நான் துறைக்குப் போவதற்குள் படகை நடு ஏரிக்கு இழுத்துக்கொண்டுபோய் நங்கூரம் போட்டிருந்தார்கள். ஹைரம் மட்டும் அதில் இருந்தார். பொழுது சாயும்போது பீரங்கி வெடிக்கும், அவர் கொளுத்திவிட்டுத் துடுப்புப் படகில் இறங்கிவர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் சாயங்காலம் ஒரு சாரல் அடித்து ஓய்ந்தது. பிறகு மூடுபனி ஏரியை அப்படியே அடைத்துவிட்டது. பெல்டிங் பனி விலகட்டும் என்று தாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஜனங்கள் ஹோட்டல் தாழ்வாரத்துக்கு ஒதுங்கினார்கள். நான் ஒரு படகை அவிழ்த்துத் துடுப்புப் போட்டேன்.

பாய்லர் இரைச்சலை வைத்து லொரிண்டாவைத் தேடிப்பிடித்து மேலே ஏறியதும் கால் சுட்டது. நான் அடுக்கிவைத்த கிளைகளில் பாதியைக் காணோம். ஹைரம் குனிந்து, அவளை எரிக்க நான் கொண்டுவந்த விறகையே பாய்லர் அடுப்பில் போட்டு நீராவி ஏற்றிக்கொண்டிருந்தார். சுற்றிலும் தார் பீப்பாய்கள்.

"உன் வெறகு நல்லாக் காஞ்சிருக்கு ஈபன்" என்றார், என்னை எதிர்பார்த்தவர்போல. சாக்கில் சுற்றிய ஒரு பலகையை என் கையில் கொடுத்தார். பிரித்துப் பார்க்காமலே என்னவென்று தெரிந்தது. முகப்பில் இருந்த பெயர்ப்பலகை.

"அவகிட்ட குடுத்துரு. கேக்காம எடுத்த பேரு."

"நீங்களே குடுங்க."

எனக்கு வேலை இருக்கிறது என்றார். எலுமிச்சைச் சாறு குடிக்கிறவர்கள் வேடிக்கை பார்க்க இவளை எரிக்க மாட்டாராம். கிழக்கே செங்குத்துப் பாறைக்குக் கீழே ஆழத்துக்குக் கொண்டுபோகப் போகிறாராம். பாய்லர் தாங்குமா என்றேன். தாங்குகிறவரைக்கும் என்றார். நங்கூரக் கயிற்றை ஏற்கெனவே அறுத்திருந்தார்.

அவர் திரும்பி வரப்போவதில்லை என்று புரிந்தது. எங்கள் லாயத்துக்கு மேலே ஒரு அறை காலியாக இருக்கிறது, அடுப்புகூட இருக்கிறது என்றேன். உயிரை மாய்த்துக்கொள்வது பாவம் என்றேன். மழை வருமா என்று கேட்கும் பயணிக்குத் தலையாட்டுவதுபோல எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு விறகு போட்டார். அங்கேதான் என் மரியாதையெல்லாம் போனது.

"யோவ், நீ செத்துத் தொலைஞ்சா என் கதி என்ன? உசுரோட இருக்குற உன்னோட நான் இருபத்திரண்டு வருஷமா மல்லுக்கட்டுறேன். உனக்கு முழங்கால் வலி, சட்டையெல்லாம் கரி, எந்நேரமும் மூக்கொழுகல். ஏதோ சமாளிச்சிட்டேன். அவ பேரு வெச்ச படகோட செத்துப்போனவனோட நான் எப்படிய்யா போட்டி போடுவேன்? தெனமும் எங்க சாப்பாட்டு மேசையில வந்து உக்காந்துக்குவ. உன்ன எழுப்பவே முடியாது."

ஹைரம் நிமிர்ந்து பார்த்தார். முதலில் இருமுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"உன்னத்தான கட்டுனா?"

"உன்மேல இருந்த கோவத்துல கட்டுனா."

"இத்தன வருஷமா இதையா நெனச்சிட்டிருந்த?" என்றார். "மடையன்டா நீ."

அவர் சிரிப்பு அடங்கியது. சரி, இவ தனியாவே போகட்டும் என்றார். பிறகு சுக்கானைக் கயிற்றால் கட்டினார். கடைசியாக ஒரு கட்டு விறகைத் தள்ளி அடுப்புக் கதவைச் சாத்தினார். நீராவிப் பிடியைத் திறந்துவிட்டு, அதைக் கந்தையால் துடைத்து, கந்தையை அதன் ஆணியில் மாட்டினார். அந்தப் படகை நான் வெறுத்த அளவுக்கு ஊரில் யாரும் வெறுத்ததில்லை, ஆனாலும் தொப்பியைக் கழற்றினேன். அவர் என் படகில் இறங்கினார். லொரிண்டா விளக்கில்லாமல், ஆளில்லாமல், பெயரில்லாமல் பனிக்குள் போய்விட்டாள்.

கொஞ்ச தூரம் துடுப்புப் போட்ட பிறகுதான் கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்பது உறைத்தது. பாண்டுக்காரர்களும் நிறுத்தியிருந்தார்கள். பின்னால் அவள் எந்திரம் டக் டக் என்று போய்க்கொண்டிருந்தது. ஹைரம் அந்தப் பக்கமே காதைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். நான் துடுப்பை நிறுத்தினேன். அவர் கேட்கட்டும் என்று விட்டேன்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. என் மனைவி லொரிண்டாவின் குரல். அவளுக்குப் பனியில் எதுவும் தெரிந்திருக்காது. ஒரு சோடித் துடுப்பின் சத்தம் கேட்டு நின்றதுதான் தெரிந்திருக்கும். படகில் வருவது ஒருவரா இருவரா, அந்த ஒருவர் யார் என்பது தெரியாது.

"ஈபன்" என்று கூப்பிட்டாள்.

மறுபடியும் அதே பெயர். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது குரல் உடைந்துவிட்டது. வேறு பெயர் அவள் வாயில் வரவேயில்லை.

ஹைரம் திரும்பி என்னைப் பார்த்தார். "கேட்டுச்சா? பதில் சொல்லுடா, பாவம், பயந்துபோயிருக்கா."

வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. மீசையெல்லாம் நனைந்திருந்தது, அது பனியில்லை. அவர் கையைக் குவித்து எனக்குப் பதிலாகத் தானே கத்தினார்.

"வர்றான் லொரிண்டா. உன் ஆளு பத்திரமா வர்றான். நானும் வர்றேன்."

பிறகு என் கையிலிருந்து துடுப்புகளை வாங்கி, அந்தக் குரல் வந்த பக்கமாகவே போட்டார். பெயர்ப்பலகை என் மடியில் இருந்தது. கரையில் அவள் கைவிளக்கு மங்கலாகத் தெரிந்த பிறகுதான் பின்னால் எந்தச் சத்தமும் இல்லை என்று எனக்குப் பட்டது. அது எப்போது நின்றது, எந்தப் பக்கம் போய் நின்றது என்பதை நாங்கள் இரண்டு பேருமே கவனிக்கவில்லை.